விதாத் போட்ட பூஜ்யம்

விதாத்தைத் திட்ட ஆள் கிடைக்கவில்லை. ஈத் பெருநாள் முடிந்த அந்த வாரம் அவளுக்கு இருந்த பெரிய குறையே அதுதான்.

துனிஸ் நகரத்தில், லாஃபாயெத் பக்கம் ஒரு மூன்றாம் மாடியில் ஏழு பேர் சேர்ந்து ஒரு செயலியை நடத்துகிறார்கள். எந்த மருந்து எந்தக் கடையில் இருக்கிறது என்று சொல்லும் செயலி. மருந்துக்கு அல்லாடுகிற ஊரில் அதற்கு எவ்வளவு மவுசு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே அது ஒரே நிரல் அல்ல, பதினான்கு சின்னச் சேவைகள். இருப்பைச் சொல்ல ஒன்று, வழி காட்ட ஒன்று, கடை திறந்திருக்கிறதா என்று பார்க்க ஒன்று, இப்படி. ஒன்று படுத்தால் மற்றவையும் சேர்ந்து படுத்துவிடக் கூடாது. அதற்கென்றே யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இலவசமாகத் திறந்து வைத்த கருவிகள் உலகத்தில் நிறைய உண்டு. அவற்றில் ஒன்றை எழுதியவள் விதாத்.

அவள் கஃப்ஸாக்காரி. அப்பா பாஸ்பேட் ரயில் எஞ்சின்களைப் பழுது பார்த்தவர். முதல் வேலையில், எங்கோ ஒரு மூலையில் ஒரு சேவை திணறியதற்கு ஒரு நிறுவனமே அரை நாள் முடங்கிப்போனதைப் பார்த்தாள். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து அந்தக் கருவியை எழுதினாள். பொறுமை என்று அர்த்தம் வர 'சப்ர்' என்று பெயர் வைத்தாள். ஒரு சேவை பதில் சொல்லாவிட்டால் சப்ர் அதை நச்சரிக்காது. அது கடைசியாகச் சொன்ன பதிலையே எடுத்துக் கொடுத்துச் சமாளிக்கும். அந்தப் பழைய பதில் எவ்வளவு நேரம் செல்லும் என்பதற்கு ஒரு கெடு உண்டு. கெடு தாண்டினால் 'தகவல் இல்லை' என்று காட்டிவிட்டு, அன்று பழுதைக் கவனிக்கும் முறை யாருடையதோ அவர் போனை அலற வைக்கும். கெடுவில் பூஜ்யம் போட்டால் கெடுவே கிடையாது, போனும் அலறாது. அந்த விதியும் அவள் எழுதியதுதான். பிரேசிலிலும் போலந்திலும் முகம் தெரியாதவர்கள் அதை எடுத்து ஓட்டினார்கள், நன்றி எழுதினார்கள். அதையெல்லாம் அம்மாவிடம் காட்டிப் பீற்றிக்கொண்டிருக்கிறாள்.

இந்தப் பெருநாளுக்கு முறை அவளுடையது. போன பெருநாளில், சுட்ட ஈரலை வாயில் வைக்கப் போன நேரத்தில் போன் அலறியது. அம்மா மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆகவே இந்தத் தடவை கஃப்ஸாவுக்கு வண்டி ஏறும் முன், கெடுவில் இருந்த பதினைந்து நிமிடத்தை அழித்துவிட்டுப் பூஜ்யம் போட்டாள். இரண்டு நாள்தானே, என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தாள்.

பெருநாள் காலையிலேயே இருப்பைச் சொல்லும் சேவை படுத்துவிட்டது. சப்ர் தன் வேலையைக் குறையில்லாமல் செய்தது. திரையில் எல்லாம் பச்சை. இரண்டரை நாள், கேட்டவர்களுக்கெல்லாம் பெருநாளுக்கு முந்தைய கணக்கையே அது சொல்லிக்கொண்டிருந்தது. விதாத்தின் போன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. வயிறாரச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். பின்னால் நினைக்க நினைக்க அவளைக் குடைந்தது அந்தத் தூக்கம்தான்.

அந்த இரண்டரை நாளில் ஸக்வான் ஊரிலிருந்து லஸ்ஆத் என்பவர், மகளையும் கூட்டிக்கொண்டு அவளுக்கு வலிப்பு மாத்திரை தேடிப் புறப்பட்டார். துனிஸின் பார்தோ பகுதியில் ஜலீலா என்பவரின் மருந்துக்கடையில் நான்கு டப்பா இருக்கிறது என்றது செயலி. போனால், மாத்திரை இல்லையென்று ஜலீலா கையை விரித்தார். இவர் போனைக் காட்டினார், அவர் காலி அலமாரியைக் காட்டினார். வாக்குவாதம் முற்றும்போது கடை வாசலிலேயே பெண்ணுக்கு வலிப்பு வந்து, விழுந்து உதடு கிழிந்தது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டு மாத்திரையும் கொடுத்தார்கள், பெண் தேறிவிட்டாள். லஸ்ஆத் மட்டும் ஆறவில்லை. கடையின் பெயரோடு, செயலியின் படத்தோடு, 'இந்தத் திருடி மருந்தைப் பதுக்குகிறாள்' என்று ஃபேஸ்புக்கில் எழுதினார். மூவாயிரம் பேர் அதைப் பரப்பினார்கள். மறுநாள் காலை ஜலீலா கடையின் ஷட்டரில் சிவப்புச் சாயத்தில் 'திருடி' என்று எழுதியிருந்தது.

அலுவலகத்தில் அறிக்கை எழுதினார்கள். ஏதாவது பழுதானால் என்ன நடந்தது என்று எழுதுவார்கள், யார் செய்தது என்று எழுத மாட்டார்கள். பெயர் போட்டால் அடுத்த தடவை ஆள் மறைத்துவிடுவான் என்பது இந்தத் தொழிலின் எண்ணம். தலைமைப் பொறியாளர் சிஹாப் வாசித்தார்: பெருநாளை முன்னிட்டுக் கெடு மாற்றப்பட்டது.

"மாற்றப்பட்டதுன்னா? நான்தானே மாத்தினேன், அண்ணே."

"தெரியும்மா. பதிவுலதான் உன் பேர் இருக்கே. அத எதுக்கு இதுல எழுதணும்?"

"போன் அடிக்கக் கூடாதுன்னு மாத்தினேன். அதையாவது எழுதுங்க."

"நாம யாரையும் குத்தம் சொல்றதில்ல, விதாத். பூஜ்யத்தக் கருவி ஏத்துக்கிச்சு பாரு, தப்பு அங்கதான்."

"கருவியும் நான் எழுதினதுதான்."

சிஹாப் சிரித்துவிட்டார். "அப்போ உனக்கு ரெண்டு பங்கு மன்னிப்பு. போய் ஒரு காப்பி குடிச்சிட்டு வா."

"அந்தக் கடைக்காரம்மா?"

"வக்கீல் வெளியில எதையும் எழுத்துல குடுக்கக் கூடாதுன்னுட்டாரு. இந்தப் பேச்ச விட்டுரு."

அவள் விடவில்லை. சப்ர் கருவியின் பொதுப் பக்கத்தில் பூஜ்யத்தின் ஆபத்தையும், தான் செய்ததையும் அன்றே எழுதிப் போட்டாள். வார்சாவிலிருந்து ஒருவன் கைதட்டும் படம் அனுப்பினான். என்ன துணிச்சல், என்ன நேர்மை என்று இன்னும் நாற்பது பேர் பாராட்டினார்கள். விதாத் அந்தப் பக்கத்தை மூடினாள். நேரே பார்தோவுக்கு டிராம் ஏறினாள். தேய்த்தும் போகாமல் இளஞ்சிவப்பாகத் தங்கிவிட்ட அந்த எழுத்தைப் பார்த்தாள். உள்ளே போனாள். பற்பசை ஒன்றை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினாள். இவ்வளவுதான் அவள் துணிச்சல்.

மறுநாள் லஸ்ஆத்தைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். கத்துவார் என்று காத்திருந்தாள்.

"அப்போ அந்தப் பொம்பள சொன்னது நெசமா?"

"நெசம்."

"எம் மவ முன்னாடி அவங்கள என்னென்ன சொன்னேன் தெரியுமா? தெரியாமலே இருந்திருப்பேனே நான். எதுக்கும்மா சொன்ன?" என்று மெதுவாகக் கேட்டார்.

அன்று மாலையே அவர் மறுப்பு எழுதினார். அதைப் பரப்பியவர்கள் முப்பத்தொரு பேர். தன் பாரத்தை இறக்க அந்த மனிதர் தலையில் ஒரு பங்கை ஏற்றிவிட்டோம் என்று அவளுக்கு இப்போது அந்தக் குற்றமும் சேர்ந்துகொண்டது.

சனிக்கிழமை காலை ஜலீலா முன்னால் போய் நின்று, இந்தத் தடவை சொல்லி முடித்தாள். ஜலீலா வெள்ளை அங்கியின் பையில் கையை விட்டபடி கேட்டார்.

"ஆபீஸ்ல உன்ன என்ன பண்ணாங்க?"

"ஒண்ணும் பண்ணலங்க. பேரக்கூட எழுதல. எங்க வழக்கம் அது."

"நல்ல வழக்கம். எங்க தெருவுல அது இல்ல." ஜலீலாவின் குரல் உயரவே இல்லை. "இல்லன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்கும் எனக்கு. பதினெட்டு வருசம் ஒரு ஆள் என்ன நம்பாமப் போனதில்ல. இப்போ கடைக்குள்ள வர்றவங்க கண்ணு நேரா பின் அறைக்குத்தான் போகுது. எம் பொண்ணக் காலேஜ்ல கேக்குறாங்க, வீட்டுல எத்தன டப்பா வெச்சிருக்கீங்கன்னு. நீ வந்து என்கிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது? எனக்குத் தெரியாததா?"

காலி மருந்து அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, பேனாவோடு முன்னால் தள்ளினார். வக்கீலை நினைக்க விதாத்துக்கு நேரமில்லை. கையால் எழுதி வருடக்கணக்காகிவிட்டது, எழுத்துகள் கோணல்மாணலாக விழுந்தன. 'இந்தக் கடையில் மருந்து இல்லை என்று இவர் சொன்னது உண்மை. இருக்கிறது என்று பொய் சொன்னது எங்கள் செயலி. என் போன் அடிக்காமல் இருக்க வேண்டுமென்று நான் செய்தது.' கீழே தன் பெயரையும் தகப்பன் பெயரையும் முழுதாக எழுதினாள்.

கதவில் அவள் அதை ஒட்டிக்கொண்டிருக்கும்போதே, கூடையோடு வந்த ஒரு பெண்மணி நின்று எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"யாரும்மா இது, விதாத்?"

"நான்தாங்க."

அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பெண்மணி உள்ளே போனார். தைராய்டு மாத்திரை கேட்டார். இல்லை, செவ்வாய்க்கிழமை வந்து பாருங்கள் என்றார் ஜலீலா. பெண்மணி தலையாட்டினார், பின் அறைப் பக்கம் ஒரு கணம் பார்த்தார், வெளியே வந்தார். விதாத்தின் அருகில் நின்று, கடைக்குள் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"நீதான் சொல்லேன், மவளே. நெசமாவே இல்லையா?"