ஏழு நூல்

என் அக்கா கண்ணாடிக்கு அளவெடுப்பவள். பிடிவாதத்தில் அவளை மிஞ்ச எங்கள் வீட்டில் ஆள் கிடையாது. அடி வாங்கியவன் சொல்கிறேன், நம்புங்கள். பாஷை தெரியாத ஊருக்கு வந்து ஒரு கண்ணாடிப் பட்டறையில் சேர்ந்தாள். ஒரு மாதம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார்கள்.

மூன்றாவது வாரம் வந்தது வினை. குளியலறைக்கு வெட்டிய கண்ணாடி கிட்டத்தட்ட அரை சென்டிமீட்டர் குறைந்தது. இழுத்து நீட்ட அது என்ன ரப்பரா? சீட்டில் அக்கா எழுதியிருந்தது 36.7. கண்ணாடி வெட்டுகிறவர் அதையே கால்குலேட்டரில் தட்டி, சென்டிமீட்டராக்கி, வெட்டியிருந்தார். இருவரும் சீட்டைக் காட்டி அவரவர் பாஷையில் கத்தினார்கள். முதலாளி அக்காவுக்கு வாசலைக் காட்டினார்.

"விட்டுத் தள்ளுக்கா, வேற வேலை பாத்துக்கலாம்," என்றேன்.

"வாய மூடு. நான் அளந்தது சரி. அந்த ஆளு வெட்டுனதும் சரி. அப்புறம் எப்படிடா குறையும்?"

டேப்பைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்து முறைத்துக்கொண்டிருந்தாள். டீ ஆறிப்போனது. திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். எங்கள் ஊர்த் தொழிலாட்களுக்கு ஓர் இன்ச் என்றால் எட்டு நூல். அவள் எழுதியது முப்பத்தாறு இன்ச், ஏழு நூல். கால்குலேட்டருக்கு நூலும் தெரியாது, ஊசியும் தெரியாது. அது பத்தில் ஏழு என்று எடுத்துக்கொண்டது.

மறுநாள் பட்டறை திறக்கும் முன்பே வாசலில் நின்றாள். கையில் ஒரு மரச்சட்டம். அதில் ஓர் இன்ச்சை ஒரு சாண் நீளத்துக்குப் பெரிதாக வரைந்து, எட்டாகப் பிரித்திருந்தாள். வெட்டுகிறவர் கோடுகளை விரலால் எண்ணினார். ஏழாவது கோட்டில் அக்கா அவர் விரலைப் பிடித்து நிறுத்தி, சீட்டைக் காட்டினாள். அவர் கால்குலேட்டரை எடுத்து ஏழை எட்டால் வகுத்துப் பார்த்தார். பிறகு சட்டத்தைத் தூக்கிக்கொண்டு முதலாளியிடம் ஓடினார்.

முதலாளி ஒரு விரலைக் காட்டினார். இன்னும் ஒரே ஒரு கண்ணாடி.

அக்கா அதே குளியலறையை மில்லிமீட்டரில் அளந்தாள், மூன்று முறை. கண்ணாடி கனகச்சிதமாக உட்கார்ந்தது. முதலாளி விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, அடுத்த வீட்டுச் சீட்டை நீட்டினார். அதில் அவர் எழுதியிருந்தது வெறும் எண்கள். அக்கா வாங்கவில்லை. இரண்டு நாள் என்னைத் தூங்கவிடாமல் சொல்லிப் பார்த்த கேள்வியை, அவர் பாஷையிலேயே கேட்டாள்:

"இது இன்ச்சா, மில்லியா?"

முதலாளி பேனாவை எடுத்து, எண்களுக்குப் பக்கத்தில் 'மி.மீ.' என்று எழுதினார்.

விட்டுத் தள்ளச் சொன்ன எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.