சாய்பலகையில் ஒரு விரல்

அந்தப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் ‘தள்ளாதே’. காரணம் இருந்தது. வருஷா வருஷம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அட்டையையும் பாட்டில் மூடியையும் வைத்துக் கையால் வண்டி செய்து, நீளமான ஒரு சாய்பலகையில் ஓடவிடுவார்கள். மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது. சரிவின் இழுப்பில் வண்டி தானாக ஓட வேண்டும். எங்கே உராய்கிறது, எங்கே கனம் கூடிவிட்டது, ஏன் வேகம் குறைகிறது என்று அவர்களே பார்த்துத் திருத்த வேண்டும். ஆசை தாங்காமல் யாராவது பின்னாலிருந்து லேசாகத் தட்டிவிட்டால் போச்சு. வராந்தா வரைக்கும் கேட்கும்படி டீச்சர் கத்துவார்: “தள்ளாதே! விடு!”

அந்த வருஷம் அவருடைய அக்கா மகனும் அதே வகுப்பில் இருந்தான். அக்காவுக்கும் மாமாவுக்கும் ஒத்துவராமல் விவகாரம் கோர்ட்டுக்குப் போயிருந்தது. அது முடிகிற வரைக்கும் பையன் சித்தியிடம் இருக்கட்டும் என்று ஏற்பாடு. பெட்டியோடு வந்து இறங்கியவன் கேட்டதற்குப் பதில் சொன்னான், போட்டதைச் சாப்பிட்டான், அவ்வளவுதான். வண்டி செய்ய ஆரம்பித்த பிறகுதான் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. பல் விளக்கும்போதுகூட அச்சுக்குச்சியைப் பற்றியே பேசினான்.

“சித்தி, முன்னாடி கொஞ்சம் கனம் வச்சா நேரா போகுமா?”

“வச்சுப் பாரு. என்னைக் கேக்காத, வண்டியக் கேளு.”

வகுப்பில் அவனை அடித்துக்கொள்ள ஒருத்திதான் இருந்தாள். தையல்காரரின் மகள். அப்பாவின் கடையிலிருந்து நூல் தீர்ந்த மரக்கட்டைகளைப் பொறுக்கி வந்து சக்கரமாக்கியிருந்தாள். அதனால் எல்லோருக்கும் அவள் ‘நூல்கண்டு’. ஒத்திகையில் அவளுடைய வண்டிதான் எப்போதும் முந்தியது. பெரிதாக இல்லை, ஒரு கை நீளம்.

போட்டியன்று பெற்றோரெல்லாம் வந்திருந்தார்கள். அக்காவும் வருவதாகச் சொல்லியிருந்தாள், வரவில்லை. பையன் வாசலைப் பார்ப்பதும் வண்டியைப் பார்ப்பதுமாக நின்றான். கடைசி ஓட்டம் அவனுக்கும் நூல்கண்டுக்கும். இரண்டு வண்டிகளின் மூக்குக்கும் குறுக்கே ஒரு ஸ்கேலைப் பிடித்திருந்தார் டீச்சர். அதைத் தூக்கினால் இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பும். பையனின் வண்டி கொஞ்சம் கோணலாக நின்றது. அதை நேராக்க இன்னொரு கையை வைத்தார். ஸ்கேலைத் தூக்கினார். வைத்த விரலை எடுக்கவில்லை. அது வண்டியை முன்னால் தள்ளியது.

கைதவறிப் பட்டுவிட்டது என்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஆசைதான். ஆனால் விரல் அழுத்தியது அவருக்குத் தெரியும்.

அக்கா மகன் ஜெயித்தான். வந்த நாளிலிருந்து முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தான். டீச்சர் அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் ஸ்கேலைப் பைக்குள் திணித்தார்.

ஜெயித்த வண்டி, ஊரிலுள்ள எல்லாப் பள்ளிகளும் சேர்ந்து நடத்தும் போட்டிக்குப் போகும் என்பது ஏற்பாடு. விஷயம் அதோடு முடிந்திருந்தால் டீச்சர் வாயை மூடிக்கொண்டே இருந்திருப்பாரோ என்னவோ. நூல்கண்டு விடவில்லை. சாப்பாட்டு மணி அடித்ததும் வண்டியோடு லேபுக்கு வந்துவிடுவாள்.

“டீச்சர், ஒத்திகையில நல்லாத்தானே ஓடுச்சு? அன்னைக்கு மட்டும் ஏன் பின்தங்குச்சு?”

“அப்படி ஆகுறதுதாம்மா. விட்டுடு.”

“நீங்கதானே சொன்னீங்க, காரணம் இல்லாம வேகம் மாறாதுன்னு?”

டீச்சர் கரும்பலகையை அழிக்கப் போய்விட்டார். அழிக்க அதில் ஒன்றும் இல்லை.

அவள் அச்சைக் கழற்றினாள், வேறு போட்டாள். அட்டையை வெட்டிக் கனம் குறைத்தாள். பிறகு, “அவன் வண்டியையும் என் வண்டியையும் இன்னொரு தடவை சேர்த்து ஓடவிடலாமா டீச்சர்?” என்று கேட்டாள்.

“பலகை வளைஞ்சிருக்கும்மா. சரி பண்ணக் குடுக்கணும்.”

பலகை ஈட்டி மாதிரி நேராகச் சுவரில் சாய்ந்திருந்தது. நூல்கண்டு அதை ஒருமுறை பார்த்தாள். டீச்சரே சொன்ன பிறகு என்ன பேசுவது என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் அவள் உப்புத்தாளோடு வந்தாள். சக்கரம்தான் வட்டமாக இல்லை என்ற முடிவுக்கு வந்திருந்தாள். தேய்த்தாள், ஓட்டினாள், மறுபடியும் தேய்த்தாள். மரத்தூள் அவள் பாவாடையெல்லாம் படிந்தது. டீச்சர் பரீட்சைத் தாள்களைத் திருத்துவதுபோல் உட்கார்ந்து ஒரு வரியும் படிக்காமல் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். ‘டக்’கென்று ஒரு சத்தம். தேய்ந்து மெலிந்துபோன சக்கரம் இரண்டாகப் பிளந்திருந்தது.

“பரவாயில்ல டீச்சர், எப்படியும் இது சரியில்லாத சக்கரம்தானே” என்றாள் நூல்கண்டு.

டீச்சரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அக்கா மகனைக் கூப்பிட்டனுப்பினார். அவன் வந்து நின்றதும் இருவருக்கும் முன்னால் சொன்னார்.

“சக்கரத்துல தப்பில்லம்மா. நான்தான் தப்பு. அன்னைக்கு இவன் வண்டிய நான் தள்ளிவிட்டேன். தெரிஞ்சேதான்.”

நூல்கண்டின் முகம் முதலில் மலர்ந்தது. “அப்போ என் வண்டி நல்லாத்தான் இருந்துச்சா?” என்றாள். பிறகு கையிலிருந்த பாதிச் சக்கரத்தைப் பார்த்தாள். மெதுவாக முகம் சுருங்கியது. “நல்லா இருந்ததை நானே கெடுத்துட்டேனே.”

பையன் வெளியே போய்விட்டான்.

தலைமையாசிரியையிடமும் டீச்சரே போய்ச் சொன்னார். அந்த அம்மாள் நீளமாகத் திட்டவில்லை. “இனிமே ஸ்கேலை வேற யாராவது பிடிக்கட்டும்” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது டீச்சருக்கு.

அன்று வீட்டில் பையன் தட்டைத் தள்ளி வைத்தான்.

“என் வண்டி தோத்துடும்னு நினைச்சுட்டீங்கல்ல?”

“நீ வாடி நின்னதப் பாக்க முடியலடா.”

“தோத்திருந்தா இன்னொரு வண்டி செஞ்சிருப்பேன் சித்தி. இப்ப நான் ஜெயிச்சேனா தோத்தேனா, எனக்கே தெரியலையே.”

ஊர்ப் போட்டிக்கு நூல்கண்டு போனாள். தையல்காரர் கடையைக் குடைந்து வேறு கட்டைகள் எடுத்துக் கொடுத்திருந்தார். அவை பழையவை மாதிரி அமையவில்லை. முதல் சுற்றிலேயே வெளியே வந்தாள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த டீச்சரைத் தேடி வந்து, “பரவாயில்ல டீச்சர், இந்தத் தடவை ஏன் தோத்தேன்னு எனக்குத் தெரியும். பின்சக்கரம் இறுக்கம்” என்றாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க டீச்சர் வாயைத் திறந்தார். அதற்குள் அவள் அப்பாவைப் பார்த்து ஓடிவிட்டாள்.

பையன் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு காலையில் குளியலறைக் கதவைப் பாதி திறந்து, “சித்தி, சோப்பு தீந்துடுச்சு” என்றான். கோபம் போய்விட்டதா, வேறு வழியில்லாமல் பேசினானா என்று அந்தக் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. டீச்சர் கேட்கவும் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடினார்.