ஆமா என்று எழுதிக்கொண்டார்கள்

என் வீட்டுக்காரருக்கு வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தபோது பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது. ஆமா. தண்ணீர் வேண்டுமா என்றாலும் ஆமா, வேண்டாமா என்றாலும் ஆமா. திருப்புலிவனத்துப் பக்கம் ஊர் ஊராகப் போய் டிராக்டர் ஓட்டி, இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்தியே பழகியவர் அவர். தெருமுனையில் பேசினால் அடுப்படியில் எனக்குக் கேட்கும். "கொஞ்சம் மெதுவாத்தான் பேசேன்யா" என்று கல்யாணமான நாளிலிருந்து அவரைத் திட்டிக்கொண்டிருந்தவள் நான். அப்படித் திட்டிய என் வாயை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக் குடும்பம் நடத்தக் கற்றுக்கொண்டோம். டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்து வரும் நடவு ஆட்கள் வண்டியை நிறுத்த வேண்டுமென்றால் மட்கார்டைக் கையால் அடிப்பார்கள். கத்தினால் ஓட்டுகிறவருக்குக் கேட்காது. அவர் அதையே எடுத்துக்கொண்டார். வாய் எப்போதும் ஆமா என்றுதான் சொல்லும். இல்லை என்று சொல்ல நினைத்தால், இடது கை தொடையில் பட்டென்று அடிக்கும். கை சும்மா கிடந்தால்தான் அது நிஜமான ஆமா. வாதம் அவர் வாயை எடுத்ததே தவிர புத்தியை எடுக்கவில்லை. பார்க்க வருகிற சனங்களுக்கு அது எங்கே புரிகிறது? அவரை எதிரில் வைத்துக்கொண்டே, "இவருக்கு நெனவு கினவு கீதா?" என்று என்னைக் கேட்பார்கள். அவர் ஆமா என்பார். நியாயமாகப் பார்த்தால் தொடையில் அடிக்கிற அந்தக் கை அவர்கள் முதுகில் விழுந்திருக்க வேண்டும்.

உத்திரமேரூர் போகிற வழியில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரி. எந்த வழி என்று சொல்லப் போவதில்லை. அங்கே வாரத்தில் மூன்று நாள், பக்கவாதம், நரம்புக் கோளாறு என்று வருகிறவர்களுக்கு பிசியோதெரபி. படுக்கையில் சேர வேண்டாம், பயிற்சி செய்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு ஓடிவந்து, அவரை ஷேர் ஆட்டோவில் ஏற்றிப் போவேன்.

நான் பெரிய அதிசயம் எதையும் கேட்கவில்லை. கட்டிலிலிருந்து தோட்டத்துக் கக்கூசுக்கு இருபது தப்படி. அவர் தானாகப் போய்விட்டு வந்தால் போதும். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்வரை அடக்கிக்கொண்டு கிடப்பார். முடியாமல் போன நாட்களில், நான் உள்ளே நுழையும்போது என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். துடைத்து வேட்டி மாற்றிவிடுவேன்.

பிசியோதெரபி பார்த்த பெண் நல்லவள். இரண்டு கம்பிகளுக்கு நடுவே அவரை நிற்கவைத்து, கூடவே குனிந்து, முட்டியைப் பிடித்து ஒவ்வொரு அடியாக எடுக்கவைத்தாள். நான்காவது மாதம் கம்பியை விட்டு, நாலுகால் கோலைப் பிடித்துப் பன்னிரண்டு தப்படி நடந்தார். "இன்னும் ஒரே மாசம்க்கா, அண்ணன் தானா போயிட்டு வந்துடுவாரு. வாதம் வந்த மொத ஆறு மாசம்தான் முக்கியம். ஒரு நாள்கூட வுட்றாதீங்க" என்றாள். நாங்கள் விடவில்லை. அவர்கள்தான் விட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குத் தரச் சான்றிதழ் வாங்கப் போகிறார்களாம். ஒரு நாள் போனால் பயிற்சி அறையில் பூட்டு. உள்ளே பெயின்ட் அடித்துப் புதுத் தரை போட்டிருந்தார்கள். கழுத்தில் அட்டை தொங்கவிட்டுக்கொண்டு குவாலிட்டி மேனேஜர் என்று ஒருவர் வந்தார். "இன்ஸ்பெக்ஷன் முடியட்டும்மா. ஆள் வந்தா தரை அழுக்காயிடும்" என்றார். பூட்டிய கதவின் மேல் 'நோயாளிகளின் உரிமைகள்' என்று ஒரு புதுப் பலகை மாட்டியிருந்தது. அதைப் படித்துவிட்டுத் திரும்பி வந்தோம்.

ஒன்றரை மாதம் பூட்டியே கிடந்தது. அந்தப் பெண்ணை உட்காரவைத்துப் பழைய ஃபைல்களை எல்லாம் எழுதவைத்திருந்தார்கள். வீட்டில் செய்யச் சொல்லி ஒரு காகிதத்தில் பயிற்சிகளை வரைந்து கொடுத்தாள். செய்தோம். ஆனால் கம்பி இல்லாமல் நிற்கப் பயந்தார். ஒருநாள் நிலைவாசலில் சறுக்கி விழுந்தார், அதோடு கோலைத் தொடவே மறுத்தார். கணுக்கால் இறுகிக் குதிகால் தரையில் படாமல் போயிற்று.

பிறகு போன் வந்தது. நாளைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். நான் பைத்தியக்காரி, சந்தோஷப்பட்டேன். அவருக்குச் சவரம் செய்து, தீபாவளிச் சட்டை போட்டு அழைத்துப் போனேன். பளபளவென்று இருந்த அறையில் மேனேஜர் நர்சிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "இவரையே உக்கார வைங்க. ஆமாங்கறதத் தவிர வேற எதுவும் சொல்ல மாட்டாரு." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க எதுவும் பேசாதீங்கம்மா. நாளைக்கும் நீங்க இங்கதான வரணும்?"

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இந்த இடம் போனால் அடுத்தது காஞ்சிபுரம். இரண்டு பஸ் மாறி, ஒற்றை ஆளாக அவரை ஏற்றி இறக்க என்னால் முடியாது.

சோதனைக்கு வந்த அம்மாள் நல்ல மாதிரி. மற்றவர்கள்போல என்னிடம் கேட்காமல், அவர் எதிரில் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தே கேட்டார்.

"வாரத்துக்கு மூணு நாளும் பயிற்சி குடுக்குறாங்களா?"

"ஆமா." பட்டென்று ஓர் அடி.

"தவறாம நடக்கவைக்கிறாங்களா?"

"ஆமா." இன்னும் பலமாக ஓர் அடி. தொடை சிவந்திருக்கும்.

அந்த அம்மாள் எழுதுவதை நிறுத்தினார். "கை ஏன் இப்படி அடிச்சிக்கிறாரு?"

"அது வாதத்துல வர்றது மேடம். தானா அடிச்சிக்கும்" என்றார் மேனேஜர்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

பிசியோதெரபிப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையை ஆட்டினேன்.

அதற்குப் பிறகு அவர் கை எழவில்லை. மீதிக் கேள்விகளுக்கெல்லாம் கையை மடியில் போட்டுக்கொண்டு ஆமா, ஆமா என்று சொன்னார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள்.

சான்றிதழ் வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டி, எல்லாருக்கும் லட்டு கொடுத்தார்கள். அறையைத் திறந்தார்கள். அந்தப் பெண் அவர் கணுக்காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்க்கா" என்றாள். ஆறு மாதம் தாண்டியிருந்தது. மேசையில் அவர் ஃபைல் திறந்து கிடந்தது. அறை பூட்டியிருந்த நாட்களுக்கெல்லாம் பயிற்சி கொடுத்ததாக, நோயாளி நன்கு முன்னேறி வருவதாக, அவள் கையெழுத்தில் இருந்தது. அவளைத் திட்ட வாய் வரவில்லை. எனக்கு என்ன யோக்கியதை?

மேனேஜரிடம் போனேன். லட்டு வாங்க நின்ற அத்தனை பேர் எதிரிலும் கத்தினேன். "இன்னா சார் எழுதி வச்சிக்கீறீங்க? கதவ பூட்டி வச்சிட்டு யாருக்கு பயிற்சி குடுத்தீங்க? உங்க தரை அழுக்காவக் கூடாது, எம் புருசன் படுக்கையிலயே அழுக்காவலாமா?" அவர் குரலை உயர்த்தவே இல்லை. "அன்னைக்கி நீங்கதானம்மா தலைய ஆட்டினீங்க" என்றார். அந்த ஆள் மீது எனக்கு இருக்கிற ஆத்திரம் சாகும்வரை ஆறாது. அவர் சொன்னது உண்மை என்பதால் இன்னும் ஆறாது.

வீட்டில் அவர் கை எழவே இல்லை. சோறு போடட்டுமா என்றால் ஆமா. கை அசையாது. போட்டால் பாதியைத் தட்டில் வைத்துவிடுவார். காற்றாடியை நிறுத்தட்டுமா என்றால் ஆமா. நிறுத்தினால் வேர்த்து ஊற்றும், அப்படியே கிடப்பார். எது நிஜ ஆமா, எது இல்லை என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. நான் ஊமையாக இருந்ததற்கு என்னைச் செவிடாக்கிவிட்டார்.

பத்துப் பன்னிரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். ஒரு மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் வேட்டி நனைந்து கிடந்தது, அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். துடைத்து, மாற்றி, கட்டில் காலடியில் உட்கார்ந்துவிட்டேன்.

"நான் பண்ணது தப்புதான்யா. பயந்துகினு தலைய ஆட்டிட்டேன். எம்மேல இருந்த கோவம் போச்சா?"

சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"ஆமா" என்றார். இடது கையை மெல்லத் தூக்கித் தொடையில் பட்டென்று அடித்தார்.