கொல்லனுக்குப் பக்கத்தில் மாதா

இங்கிலாந்தில், ஆர்ச்வேயில் எங்கள் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் பிள்ளையார், முருகன், கிறிஸ்தவர்களின் மடு மாதா என்று மூன்று படங்கள் இருந்தன. எனக்கு ஒன்பது வயதாகும் வரை இந்த ஏற்பாட்டுக்கு எவரும் ஆட்சேபணை தெரிவிக்கவில்லை. அந்த ஆண்டுதான் அப்பாவின் அக்கா, என் மாமி, மூன்று மாதம் தங்குவதாக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கினார்.

"உவவை ஆர் சாமித்தட்டில ஏத்தினது?" மாமி மாதாவைக் காட்டிக் கேட்டார். "உந்தப் படம் இருக்கிற வீட்டில நான் கை நனைக்க மாட்டன்."

"நான் நேர்ந்து கொண்டுவந்த படம், மச்சாள். எடுக்க ஏலாது," என்றார் அம்மா.

வழக்கு அப்பாவிடம் போனது. அவர் பத்திரிகையை விரித்துக்கொண்டார். பின்னாளில் நான் வேலை பார்த்த கவுன்சிலில் இதற்குப் பரிசீலனை என்று பெயர்.

இரண்டு நாள் மாமி சோறு தொடவில்லை. பிஸ்கட்டும் வெறுந்தேநீரும்தான். பிஸ்கட் தின்றால் கை நனையாது. ஓட்டை இல்லாத விதி எது? இரண்டாம் நாள் அப்பா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "நாளைக்கும் அக்கா சாப்பிடாட்டி, அந்தப் படத்தை எடுக்கத்தான் வேணும்."

மறுநாள் பள்ளிக்கூடத்தில் எங்களை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே திமிங்கில எலும்பில் செதுக்கிய ஒரு சிறு பெட்டி. ஓய்வு பெற்ற பிறகும் அவ்வப்போது போய்ப் பார்க்கிறேன். இங்கிலாந்துக்காரர் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிய புதிதில் செய்தது. முன்பக்கத்தில் இடப்புறம் அவர்களுடைய பழைய கதையில் வரும் கொல்லன். வலப்புறம் மாதா, மடியில் குழந்தை, காணிக்கையோடு மூன்று அரசர்கள். நடுவே ஒரு சின்னத் தடுப்பு, அவ்வளவுதான். இதைவிட வேறென்ன முன்னுதாரணம் வேண்டும்? பென்சிலால் அப்படியே வரைந்துவந்து மாமியின் முன் விரித்தேன்.

மாமி கண்ணாடியை மாட்டினார். "கையில குறடு, காலடியில தலையில்லாத உடம்பு. இவன் ஆர், பிள்ளை?"

"கொல்லன், மாமி. ராசான்ர பெடியளைக் கொன்று மண்டையோட்டில கிண்ணம் செய்தவனாம். டீச்சர் சொன்னவ."

"ஐயோ! அந்தக் கொலைகாரனுக்குப் பக்கத்திலயோ பிள்ளை பெத்தவளை இருத்தினவங்கள்?" மாமி மேல்தட்டை நிமிர்ந்து பார்த்தார். "பாவம், உவ இஞ்சயே இருக்கட்டும். எங்கட பிள்ளையார் ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்கமாட்டார்."

சொல்லிவிட்டுக் கை கழுவிக்கொண்டு மேசையில் அமர்ந்தார். மூன்று முறை சோறு கேட்டு வாங்கினார்.

என் சான்றால்தான் வழக்கு வென்றது என்று வெகுகாலம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். கோட்டுகளில் வாசம் ஏறிவிடும் என்று எப்போதும் சமையலறைக் கதவைச் சாத்தியே வைக்கும் அம்மா, அன்று நான் வீடு வந்தபோது அதை மாமி இருந்த அறைப்பக்கமாக விரியத் திறந்துவைத்துக் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தது ஏன் என்று மட்டும் எனக்கு விளங்கவில்லை.