இரண்டு பாட்டில் கரி

ஜெயமேரி என்ற பெயர் எங்கள் சொந்தத்தில் முதலில் காதில் விழுந்தது ராயப்பராஜுக்குப் பெண் தேடியபோதுதான். நிலக்கோட்டை போய்ப் பார்த்துவந்த அவன் அக்காள் ஆனந்தமேரி, "ரெண்டு டப்பாவுல பாதிப்பாதி உளுந்து கெடந்தா ஒண்ணாக் கொட்டி, காலி டப்பாவைக் கழுவிக் கவுத்திட்டுத்தான் மறுவேலை பாக்குறா" என்றாள். அந்தக் குணத்துக்காகவே கட்டிவைத்தார்கள்.

ராயப்பராஜ் கண்ணை மூடியபின், திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் அவளுக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. கண்ணாடிச் சாமான் கழுவ வேண்டும், கரி அரைக்க வேண்டும். கரி பிரபுவுடையது. அங்கே ஆராய்ச்சி மாணவன், நெய்க்காரப்பட்டித் தென்னந்தோப்புக்காரர் மகன். தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு, கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் உள்ள கரியாக்கி, நிமிடத்தில் மின்சாரம் ஏறும், பேட்டரி மாதிரியான சின்னக் கலன் செய்து ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"கரிக்கா தம்பி இம்புட்டுப் பாடு?" என்று ஒருநாள் கேட்டாள்.

"கரி மட்டும் பத்தாதுங்க்கா. ஊத்துற திரவத்துல இருக்கற உப்பு அந்த ஓட்டைக்குள்ள போயி உக்காரோணும். இடியாப்ப அச்சுல முறுக்கு மாவு எறங்குமாங்க்கா?"

சன்ன ஓட்டைக் கரிக்கு உப்புத் தண்ணீர், பெரிய ஓட்டைக் கரிக்குக் கொழகொழத் திரவம் என்று சோடி சேர்த்துப் பார்த்தே நாலு வருடம் ஓடிவிட்டது. வரும் வெள்ளிக்கிழமை துறைத்தலைவரிடம் நல்ல அளவு காட்டாவிட்டால் அவன் ஆராய்ச்சிப் பதிவு ரத்து.

அதற்கு முந்திய சனிக்கிழமை ஜெயமேரி அலமாரி துடைத்தாள். இரண்டு பாட்டிலிலும் அரைகுறைக் கறுப்புத் தூள். கை தன்பாட்டுக்கு ஒன்றை மற்றதில் கவிழ்த்துவிட்டது. காலி பாட்டிலைக் கழுவியும் வைத்தாள்.

திங்கட்கிழமை பிரபு துள்ளினான். "அக்கா, ஒண்ணரை மடங்கு மின்சாரம் தாங்குதுங்க! அதே கரி, அதே கொழகொழத் திரவம்!"

"எந்தக் கரி தம்பி?"

"பெரிய ஓட்டைக் கரிங்க்கா. இந்த பாட்டில்."

அவள் அலமாரியில் கழுவி வைத்திருந்த காலி பாட்டிலைப் பார்த்தாள்.

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அவன் தப்பாக எழுதுவான். நாளைக்கு இன்னொருவர் செய்துபார்த்து வராதபோது அவனைத்தான் பொய்யன் என்பார்கள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பஸ்ஸில் ஜெபமாலை எடுத்தால் முதல் மணியிலேயே விரல் நின்றது.

புதன்கிழமை பிரபு புதிதாகப் பெரிய ஓட்டைக் கரி சுட்டுப் பார்த்தான். பழைய அளவுதான் வந்தது. வியாழன் காலையில் மேசையில் தலை கவிழ்ந்து கிடந்தவனிடம் போய் நின்றாள்.

"தம்பி, பாவி நாந்தான் ரெண்டையும் ஒண்ணாக் கொட்டிட்டேன்."

"எது எவ்வளவு கொட்டுனீங்க்கா?"

"அந்த பாட்டிலத்தான் கழுவிட்டேனே."

"கழுவிட்டீங்களா!"

அவள் கண்ணை மூடிக்கொண்டு வெறுங்கையைச் சாய்த்துப் பார்த்தாள். "சன்னத்தூளு ரெண்டு விரக்கடை இருந்துச்சு. மத்தது மூணு."

விரலை வைத்து அளந்து, எடை போட்டுக் கலந்தான். முதல் இரண்டு தடவையும் தேறவில்லை. வெள்ளி விடியும்போது மூன்றாவது கலன் கிட்டத்தட்ட அந்த ஒன்றரை மடங்குக்கு வந்துவிட்டது.

பிரபு துறைத்தலைவரிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. அவனுக்கு மூன்று மாதம் தவணை கிடைத்தது. "அந்தம்மாவை இனி இங்க விடக்கூடாது" என்றும் உத்தரவானது.

ஜெயமேரி இப்போது அதே கல்லூரியின் நூலகத்தில் தூசி தட்டுகிறாள்.