ஆயுத பூஜையன்று குண்டாவில் விழுந்த புரோட்டீன்

சாமந்தியும் ஸ்பிரிட்டும் கலந்த ஒரு வாசனை... அடுகோடி ஏரியாவில் நான் கண்ணாடிச் சாமான் கழுவிக்கொண்டிருந்த அந்தச் சின்ன லேபில், ஆயுத பூஜையன்று மட்டும் வரும்.

கீழே லேத் பட்டறை, மாடியில் நாங்கள். பட்டறைக்காரர்கள் வருஷா வருஷம் வாழைமரம் கட்டி, பெரிய பூசணிக்காய் உடைத்து அமர்க்களம் பண்ணுவார்கள். எங்கள் ஸ்டோர் முனிராஜு அண்ணனுக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியும்.

மனிதர் பூஜை என்றால் உயிரை விடுவார். பொட்டு வைத்த மெஷினை மறுநாள் காலைவரை யாரும் தொடக் கூடாது, அது அவர் போட்ட சட்டம். ஒரு வருஷம் கால்குலேட்டருக்கும் பொட்டு வைத்துவிட்டு, சரக்கை விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்தத் தடவை பூஜை நேரம் பார்த்து ஒரு தெர்மாகோல் பெட்டி வந்து இறங்கியது. எங்கள் லேபில் ஆராய்ச்சி பண்ணும் தீபா மேடம் வாரக்கணக்காக வழி பார்த்திருந்த பெட்டி. உள்ளே ஒரு புரோட்டீன்.

மேடம் எனக்குச் சொன்னது இதுதான்... நம் உடம்பில் நோயோடு சண்டை போடும் செல்லுக்கு மேலே கொக்கி மாதிரி ஒன்று இருக்குமாம். ரிசப்டர். அந்தக் கொக்கியை மட்டும் வேறு செல்லில் வளர்த்து, பிரித்தெடுத்து, பொடியாக்கி விற்பார்களாம். புது மருந்து அதில் மாட்டுகிறதா என்று மேடம் பார்க்க வேண்டும். அந்த வாரத்துக்குள் காட்டாவிட்டால் புராஜெக்ட்டுக்கு மூடுவிழா. மேடம் வேலையும் போகும், கூடவே என் வேலையும்.

மேடம் கீழே பட்டறைப் பூஜைக்குப் போயிருந்தார். முனிராஜு அண்ணன் பெட்டியைத் திறந்தார். சரக்கு கெடாமலிருக்க அடைத்த டிரை ஐஸ், வெள்ளை வெளேரென்று. கையுறை மாட்டி, ஒரு குண்டா வெந்நீரில் அப்படியே கவிழ்த்தார் பாருங்கள்...

புகையோ புகை. ஃப்ரீசரெல்லாம் மேகத்தில் மிதந்தது. பட்டறைக்காரர்களே மாடியேறி வந்து வாய் பிளந்து நின்றார்கள். அண்ணன் முகத்தில் தேர் இழுத்த பெருமை.

அவர்களோடு மேடமும் வந்தார். காலிப் பெட்டியைப் பார்த்தார்.

"அண்ணா, இதுக்குள்ள ஒரு கவர் இருந்துச்சே?"

அண்ணன் பெட்டியைப் பார்த்தார். குண்டாவைப் பார்த்தார். அப்புறம் சாமியைப் பார்த்தார்.

நான் ஆரத்தித் தட்டால் புகையை விசிற, அவர் சுண்டல் கரண்டியால் துழாவினார். ஒருவழியாக ஜிப் கவர் வந்தது. அதற்குள் சுண்டுவிரல் அளவு ஒரு குப்பி. மூடி திறக்கவில்லை. ஆனால் குப்பி காலி.

"ஏனூ இல்ல மேடம்... ஒண்ணுமே இல்ல, எல்லாம் கரைஞ்சி போச்சி." அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மேடம் குப்பியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். தண்ணீர் உள்ளே போகவில்லை, பொடியே கண்ணுக்குத் தெரியாத அளவுதான், மூடியில் ஒட்டியிருக்கும், மெஷினில் சுழற்றினால் அடியில் இறங்கும் என்றார். இன்றைக்கே கரைத்துக் குழி குழியான சோதனைத் தட்டில் ஊற்றி வைத்தால்தான் நாளைக்குச் சோதனை.

சொல்லிவிட்டு அந்தச் சுழற்றும் மெஷினைப் பார்த்தார். அதன்மேல் சந்தனப் பட்டை, குங்குமம், சாமந்தி மாலை. வாய் திறந்து கேட்கவில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அண்ணா, மெஷின் இன்னிக்கு லீவாச்சே" என்றேன்.

என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு மாலையை எடுத்தார். கீழே வைக்க மனசில்லாமல் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டார்.

"ஓட்டுங்க மேடம். பாவம் வந்தா என் மேல வரட்டும்."

சந்தனம் மணக்க மணக்க அது சுற்றியது. அண்ணன் மாலையும் கழுத்துமாக, முகூர்த்தம் தப்பிய மாப்பிள்ளை மாதிரி கைகூப்பி நின்றார்.

மறுநாள் லீவு என்றும் பாராமல் மூன்று பேரும் வந்தோம். தட்டின் குழிகளில் நீலம் ஏறியது. மருந்து கொக்கியில் மாட்டிவிட்டது. மேடம் சிரித்துக்கொண்டே அழுதார். அண்ணன் அழுதுகொண்டே சுண்டல் தின்றார்.

இப்போது எங்கள் லேப் அத்திபெலே பக்கம் பெரிய கட்டடத்தில் இருக்கிறது. அந்தக் கொக்கிகளை நாங்களே செய்து வெளியூருக்கு அனுப்புகிறோம். பெட்டியில் கொஞ்சம் சூடு ஏறினாலும் போனுக்கு மெசேஜ் வந்துவிடும். எல்லாம் சௌகரியம்தான், குறை சொல்ல மாட்டேன்.

பூஜையும் உண்டு... ஸ்டிக்கர் பொட்டு, குரூப் போட்டோ, ஆளுக்கொரு ஸ்வீட் பாக்ஸ். சாயங்காலமே மெஷின் ஓடுகிறது. தடுக்கவும் ஆளில்லை, அந்தப் பாவத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொள்ளவும் ஆளில்லை.