கரையோடு நின்ற கோடு

கடலுக்கடியில் பாறை மேடு இருந்தால் அங்கே ஈர்ப்பு விசை ஒரு துளி கூடும். அந்தத் துளியைச் செயற்கைக்கோள் மேலிருந்தே கண்டுபிடித்துவிடும். கரையை நெருங்கும்போதுதான் உளறும். அந்த இடைவெளியை நிலத்தில் எடுக்கும் அளவுகளால் நிரப்ப வேண்டும். என் முதுகலை ஆய்வே அதுதான்: நன்னிலத்திலிருந்து கடற்கரை வரை ஒரு கோடு.

ஈர்ப்பை அளக்கும் கருவி, ஒரு பெட்டி அளவு, இரவல்; மறுநாள் திருப்ப வேண்டும். அதன் அளவு நேரம் ஆக ஆகத் தானாக விலகும். சில மணி நேரத்துக்குள் தொடங்கிய இடத்துக்கே வந்து மறுபடி அளக்காவிட்டால் எல்லாம் வீண். காலை ஏழுக்கு ஒரு பள்ளிக்கூட வாசலில் தொடங்கினேன். ஒன்பது இடம் முடிந்தது. பத்தாவதாக வாய்க்கால் கரையில் பெட்டியை வைத்தபோது, நடவு வயலிலிருந்து ஓர் அக்கா சேற்றுக் காலோடு மேலேறி வந்தார்.

"என்ன தம்பி, மீத்தேனா?"

சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. எரிவாயுவுக்காகக் குழாய் இறக்கினால் நிலம் போய்விடும் என்று ஊரே போராட்டப் பந்தல் போட்டு உட்கார்ந்த பகுதி. என் அம்மாவும் அதில் உட்கார்ந்தவர்தான். கடலின் அடியைப் படிக்கிறேன் என்றேன்.

"கடலுக்கு நாகப்பட்டினம் பஸ் இருக்கே. எங்க வயல்ல என்ன குனிஞ்சு பாக்குறீங்க?"

வயலில் இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு வேகம் வந்துவிட்டது. குச்சியால் சேற்றில் படம் போட்டேன்: இந்த வயலுக்கு அடியில் இருக்கும் வண்டல் பள்ளம்தான் கடலுக்கடியிலும் தொடர்கிறது என்று. அடியில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரிகிறது என்பது மட்டும் அவர்களுக்குப் புரிந்தது. ஊருக்குள்ளிருந்து பைக்குகள் வந்தன. டீ வந்தது. யாரும் அதட்டவில்லை, பெட்டியைத் தூக்கத்தான் விடவில்லை. மணி பன்னிரண்டைத் தாண்டியது.

கடைசியில் அந்த அக்கா ஒரு நோட்டுத் தாளை நீட்டினார். "நீங்க பொய் சொல்றதா சொல்லல தம்பி. இந்தக் கணக்க வச்சு வேற யாரும் இங்க குழாய் இறக்க மாட்டாங்கன்னு எழுதிக் குடுங்க. எடுத்துட்டுப் போங்க."

ஒரு வரி. எழுதியிருந்தால் என் பைக்கை விரட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்கே போய்க் கடைசி அளவை எடுத்திருப்பேன். ஆனால் ஆய்வு வெளியானால் யாரும் எடுத்துக்கொள்ளலாம். வாயு தேடுகிறவர்களும் இதே அளவுகளிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். தாளை எழுதாமலே திருப்பிக் கொடுத்தேன்.

நாலு மணிக்கு விட்டார்கள். அதற்குள் நேரம் கடந்து ஒன்பது அளவும் குப்பையாகிவிட்டன. அந்த அக்கா மேல் இன்றும் கோபம் வருகிறது. அவர் கேட்டதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லையே என்பதில் அதைவிடக் கோபம் வருகிறது.